நாயின் தோலில் கட்டி: தொட்டுப் பார்த்தால் போதுமா?

உங்கள் லாப்ரடாருக்கு எட்டு வயது. விலா ஓரத்தில் ஒரு வருடமாக மெத்தென்று ஒரு கட்டி இருக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டிதான், விட்டுவிடலாம் என்றார். இப்போது பின்தொடையில் பட்டாணி அளவில், சிவந்து, முடி கொட்டி இன்னொன்று வந்திருக்கிறது. ஒரு நாள் வீங்குகிறது, இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. ஊசி குத்திப் பார்த்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று தெரிந்தவர்கள் சொன்னதால் தயங்குகிறீர்கள். இது கேன்சரா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விலாவில் இருப்பதற்கு அவசரம் இல்லை, ஆனால் அதற்குச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. தொடையில் இருப்பதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே காட்டுங்கள்.

நான் பல வருடங்களாக நாய்களுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். அதில் ஐயமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒன்று: தோலில் இருக்கும் கட்டி என்ன வகை என்று கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவம் கூடக் கூட ஊகம் சரியாக அமையும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். நாய்க்கு வேறெந்த உறுப்பையும்விடத் தோலிலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகமாகக் கட்டிகள் வருகின்றன, அவற்றில் பெரும்பகுதி ஆபத்தில்லாதவை. வயதான நாயின் உடம்பைத் தடவினால் ஒன்றிரண்டாவது கையில் தட்டுப்படும். இது உண்மையாக இருப்பதால்தான் தாமதமும் நேர்கிறது. முதலில் வந்தது ஒன்றும் செய்யவில்லை, இரண்டாவதும் அப்படித்தான் இருக்கும் என்று மனசு சொல்லிவிடும். ஆனால் ஒரே நாயின் உடம்பில் இருக்கும் இரண்டு கட்டிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவையாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

விலாவில் இருப்பதைப் பற்றி உங்கள் டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். லிப்போமா எனப்படும் கொழுப்புக் கட்டி நடுத்தர வயதைத் தாண்டிய நாய்களுக்கு, அதிலும் லாப்ரடாருக்கும் உடல் பருமன் உள்ள நாய்களுக்கும், மிகச் சாதாரணமாக வரும். மார்பு, விலா, வயிறு, அக்குள் பக்கங்களில் தோலுக்கு அடியில் உருண்டையாக, மெத்தென்று, விரலால் தள்ளினால் நழுவும்படி இருக்கும். வலிக்காது, மெதுவாக வளரும். நடக்க இடைஞ்சலாக இருந்தாலோ மிகப் பெரிதானாலோ தவிர எடுக்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், தோலுக்கு அடியில் வளரும் மாஸ்ட் செல் கட்டி என்ற புற்று சில நேரம் இதே போல மெத்தென்று, இதே போல நழுவிக்கொண்டு இருக்கும். மென்திசு சார்கோமா என்ற புற்றும் சில நேரம் அப்படியே தோன்றும். அதனால்தான் ஒரு முறையாவது ஊசியால் எடுத்துப் பார்த்து, கொழுப்புதான் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். அதுவரை அதை “கொழுப்புக் கட்டியாக இருக்கலாம்” என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

ஆபத்தில்லாத மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதான நாய்களுக்கு, குறிப்பாகப் பூடில், காக்கர் ஸ்பேனியல் போன்றவற்றுக்கு, மரு போலச் சொரசொரப்பாக வருவது பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பியின் வளர்ச்சி. அழுத்தினால் பழுப்பு நிறத்தில் பசை போல வருவது நீர்க்கட்டி வகை; அதைப் பிதுக்கக் கூடாது, உள்ளே உடைந்தால் கடுமையாகப் புண்ணாகும். குட்டி நாயின் வாயிலும் உதட்டிலும் காலிஃபிளவர் போல வருவது வைரஸால் வரும் மரு, ஓரிரு மாதங்களில் தானாக உதிர்ந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட நாயின் முகம், காது, கால் பகுதியில் சட்டைப் பொத்தான் போலச் சிவந்து வழவழப்பாக எழும்புவது பெரும்பாலும் ஹிஸ்டியோசைட்டோமா, அதுவும் இரண்டு மூன்று மாதங்களில் தானாக மறையும். தடுப்பூசி போட்ட இடத்தில் வரும் சின்ன முடிச்சும், உண்ணி கடித்த இடத்துத் தடிப்பும் சில வாரங்களில் அடங்கிவிடும். இவை எல்லாம் கட்டி என்றாலே பயந்துவிட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் நாயின் தொடையில் இருப்பதற்கு இவை எதுவும் நன்றாகப் பொருந்தவில்லை. ஹிஸ்டியோசைட்டோமா பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் எட்டு வயதில் அதை முதல் ஊகமாக வைக்க மாட்டேன்.

என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ஒரு நாள் வீங்குகிறது, பிறகு அடங்கிவிடுகிறது என்பது. அடங்கிவிட்டதால் நல்லதுதான் என்று நினைத்திருக்கிறீர்கள். நாய்களுக்குத் தோலில் வரும் புற்றுக் கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது மாஸ்ட் செல் கட்டி. மாஸ்ட் செல் என்பது எல்லா உடம்பிலும் இயல்பாக இருக்கும் செல்தான். ஒவ்வாமை ஏற்படும்போது ஹிஸ்டமினை வெளியேற்றித் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குவது அதுவே. அந்தச் செல்கள் பெருகிக் கட்டியாகும்போது, அதற்குள் ஹிஸ்டமினும், ரத்தம் உறையவிடாத ஹெப்பாரினும் நிறைந்த துகள்கள் அடைந்து கிடக்கும். நாய் நக்கினாலோ, உட்காரும்போது அழுந்தினாலோ, நாமே பிசைந்து பார்த்தாலோ அந்தத் துகள்கள் வெளியேறும். கட்டி சிவந்து வீங்கும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கும். இதற்கு டேரியர் அறிகுறி என்று பெயர். எல்லா மாஸ்ட் செல் கட்டியிலும் இது தெரியாது. தெரிந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. பாக்ஸர், பக், பாஸ்டன் டெரியர், புல்டாக் வகைகளோடு லாப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் இந்தக் கட்டி அதிகம் வரும் இனங்கள்.

அந்த ஹிஸ்டமின் கட்டி இருக்கும் இடத்தோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து இரைப்பையில் அமிலச் சுரப்பைக் கூட்டும். அதனால் வாந்தி, பசியின்மை, சில நாய்களுக்குக் குடல் புண்ணும் தார் போலக் கருத்த மலமும் வரும். ஹெப்பாரினால் கட்டியைச் சுற்றிக் கன்றிப்போன மாதிரி ரத்தக்கட்டு தெரியலாம். உங்கள் நாய்க்கு அண்மையில் காரணமில்லாமல் வாந்தி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உங்கள் விவரிப்பை மட்டும் வைத்து இது மாஸ்ட் செல் கட்டிதான் என்று நான் சொல்லவில்லை. பூச்சிக்கடி, முடிக்கால் அழற்சி, நாய் நக்கி நக்கி உண்டாக்கிய புண் ஆகியவையும் ஏறி இறங்கும். எது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கும்போது ஊகத்தில் நாளைக் கடத்த வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

அந்த ஐந்து நிமிட வேலை எஃப்.என்.ஏ.சி. எனப்படும் ஊசிப் பரிசோதனை. தடுப்பூசிக்குப் பயன்படும் அளவில் ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, நான்கைந்து கோணத்தில் முன்னும் பின்னும் அசைப்பார்கள். ஊசியின் குழலில் ஏறும் கொஞ்சம் செல்களைக் கண்ணாடித் தகட்டில் ஊதி, இன்னொரு தகட்டால் இழுத்துப் பரப்பி, காயவைத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான நாய்கள் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொழுப்புக் கட்டியாக இருந்தால் தகட்டில் எண்ணெய்ச் சொட்டு மாதிரி பளபளக்கும், காயவே காயாது. மாஸ்ட் செல்லாக இருந்தால் லென்ஸுக்குக் கீழே உருண்டை உருண்டையான செல்கள், உள்ளே ஊதா நிறப் பொடியைத் தூவிய மாதிரி துகள்கள், செல்களுக்கு வெளியிலும் அதே பொடி சிதறிக் கிடக்கும். ஒரு முறை பார்த்தவருக்கு மறக்காது. அவசரச் சாயத்தில் சில நேரம் அந்தத் துகள்கள் சரியாகச் சாயம் ஏற்காமல் போகும். சந்தேகம் இருந்தால் தகட்டை நோயியல் நிபுணருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்துக்கு வருகிறேன். தோல் கட்டிகளைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு நடைமுறையில் அடிப்படை இல்லை. உடம்புக்குள் இருக்கும் சில கட்டிகளில், குறிப்பாகச் சிறுநீர்ப்பையில் வரும் ஒரு வகைப் புற்றில், ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டி வளர்ந்தது உண்டு. அங்கே நாங்களே தவிர்க்கப் பார்க்கிறோம். தோலில் அப்படி நடப்பது மிக மிக அரிது. அதற்குப் பயந்து மாதக் கணக்கில் விட்டால் கட்டி தன் பாட்டுக்குப் பரவுவதற்குத்தான் அவகாசம் கொடுத்ததாகும். மாஸ்ட் செல் கட்டியில் குத்திய பிறகு கொஞ்சம் வீங்கலாம், கூடுதலாக ரத்தம் கசியலாம், அது பரவல் இல்லை. ஒரு செ.மீ.க்கு மேல் இருக்கிற, அல்லது ஒரு மாதம் ஆகியும் போகாத எந்தக் கட்டிக்கும் ஊசிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது புற்றுநோய் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. நானும் அதைத்தான் பின்பற்றுகிறேன்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. என்ன செல் என்று சொல்லும், ஆனால் மாஸ்ட் செல் கட்டி எவ்வளவு மூர்க்கமானது என்பதை அது நம்பகமாகச் சொல்லாது. மென்திசு சார்கோமா போன்றவை செல்களை எளிதில் உதிர்க்காததால் தகட்டில் பல நேரம் வெறும் ரத்தம்தான் வரும். ஒன்றும் வரவில்லை என்பதை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், அல்லது சின்னத் துண்டு வெட்டி எடுக்கும் பயாப்ஸிக்குப் போங்கள்.

செய்கிற வரிசை மிக முக்கியம், இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். சிவந்த கட்டியைப் பார்த்ததும் அலர்ஜியாக இருக்கும் என்று பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு ஆரம்பிப்பது உண்டு. மாஸ்ட் செல் கட்டியும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கும். குணமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், சில வாரம் கழித்து அது திரும்ப வரும், அதற்குள் நோயைக் கண்டுபிடிப்பதும் கடினமாகியிருக்கும். ஆகவே ஊசிச் சோதனை முடியும் முன் ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ வேண்டாம். அதே போல, சின்னதுதானே என்று எதுவென்று தெரியாமலே வெட்டி எடுத்துவிடுவதும் சரியில்லை. கொழுப்புக் கட்டியை ஒட்டி எடுத்தாலே போதும். மாஸ்ட் செல் கட்டி என்றால் சுற்றிலும் இரண்டு, சில நேரம் மூன்று செ.மீ. நல்ல தோலோடும், அடியில் ஒரு முழுத் தசை உறை அடுக்கோடும் எடுக்க வேண்டும். முதல் அறுவையில் அதைச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். ஓரத்தில் செல்களை விட்டுவிட்டுத் திரும்ப வெட்டும்போது இடமும் குறைந்திருக்கும், எது தழும்பு எது கட்டி என்ற குழப்பமும் இருக்கும். உங்களுக்கு ஓர் ஆறுதல், தொடையில் இழுத்துத் தைக்கத் தோல் இருக்கிறது. கணுக்கால் பக்கம் வந்திருந்தால் இதே அளவு கட்டிக்கும் பெரிய வேலை ஆகியிருக்கும்.

அறுவைக்கு முன் பக்கத்து நிணநீர்க்கணுவையும் ஊசியால் பார்க்கச் சொல்லுங்கள். நெறி கட்டாமல் இயல்பான அளவில் இருக்கும் கணுவிலும் மாஸ்ட் செல்கள் போய்ச் சேர்ந்திருப்பது உண்டு. வயிற்றை ஸ்கேன் செய்வது, கல்லீரலையும் மண்ணீரலையும் பார்ப்பது எல்லாம் எல்லா நாய்க்கும் தேவைப்படாது. கணுவில் ஏதாவது தெரிந்தாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகியிருந்தாலோ தேவைப்படும். எடுத்த கட்டியைத் தயவுசெய்து குப்பையில் போட விடாதீர்கள். அதைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு, ஹிஸ்டோபதாலஜி எனப்படும் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வரும் அறிக்கையில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, விளிம்பில் கட்டி செல்கள் இருக்கின்றனவா, இல்லையென்றால் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கின்றன. இன்னொன்று, கிரேடு, அதாவது கட்டி எவ்வளவு மூர்க்கமானது என்பதன் அளவு. 1984இல் வந்த பட்நாயக் முறையில் 1, 2, 3 என்று மூன்று கிரேடு. அதில் நடுவில் இருக்கும் இரண்டாவதில் நல்லதும் கெட்டதும் கலந்துபோனதால் 2011இல் கியூபெல் குழு லோ, ஹை என்று இரண்டாகப் பிரித்தது. பெரும்பாலான ஆய்வகங்கள் இரண்டையும் எழுதித் தருவார்கள். அந்த 2011 ஆய்வில் லோ கிரேடு நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டும் காலம்) இரண்டு வருடத்துக்கு மேல், ஹை கிரேடில் நான்கு மாதத்துக்கும் குறைவு. ஹை கிரேடு என்று வந்தால் மனம் தளர்ந்துபோகும் எண்தான் இது. ஆனால் அது பல நாய்களைச் சேர்த்துப் பார்த்த எண். உங்கள் நாய்க்கு எத்தனை நாள் என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. லோ கிரேடாக இருந்து விளிம்பும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலான நாய்களுக்கு அந்த அறுவையோடு சிகிச்சை முடிந்துவிடும், இதை நம்பிக்கையோடு சொல்லலாம்.

கிரேடு ஹை என்றாலோ, கணுவுக்குப் போயிருந்தாலோ வின்பிளாஸ்டினும் பிரெட்னிசோலோனும் சேர்ந்த கீமோ, வசதி இருக்கும் இடத்தில் ரேடியேஷன் என்று வழிகள் உண்டு. நாய்க்குக் கொடுக்கும் கீமோ மனிதருக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில் இருக்கும். பெரும்பாலான நாய்கள் முடியெல்லாம் கொட்டாமல், நடமாட்டம் குறையாமல் இருக்கும். இந்தக் கட்டிகளில் ஒரு பகுதிக்கு கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதைக் குறிவைக்கும் டோசெரானிப் மாத்திரைக்கு 2009இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அங்கே நாய்ப் புற்றுக்கென்றே உருவாக்கி ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அதுதான். ஆஸ்திரேலிய மழைக்காட்டு மரத்தின் விதையிலிருந்து எடுத்த டிகிலனால் டிக்லேட் என்பதைக் கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடும் முறை 2020இல் ஒப்புதல் பெற்றது. பரவாத கட்டிக்கு மட்டும்தான் அது. போட்ட இடம் கருத்து அழுகி, ஒரு குழி விழுந்து, பிறகு ஆறும். பார்க்கச் சகிக்காது, ஆனால் அது எதிர்பார்த்த விளைவு.

எட்டு வயதில் மயக்கம் கொடுக்கலாமா என்று தயங்குவீர்கள். ரத்தப் பரிசோதனையும் இதயமும் சரியாக இருந்தால் கொடுக்கலாம். வயதை மட்டும் காரணம் காட்டி அறுவையைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்பதில்லை. பத்து வயதில் இதைவிடப் பெரிய கட்டிக்கு மயக்கம் கொடுக்க நேர்வது இன்னும் சிரமம்.

மற்றப் புற்றுகளில் நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறேன். வெள்ளை முடியும் மெல்லிய தோலும் உள்ள நாய் மல்லாந்து வெயில் காயும் பழக்கம் உடையது என்றால், வயிற்றுப் பக்கம் ஆறாத சிவப்புத் திட்டு வந்தால் வெயிலால் வரும் புற்றாக இருக்கலாம். ஒரே ஒரு விரல் வீங்கி, நகம் ஆடி, ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் ஆறவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்து எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகக் கண்ணில் வரும் செதிள் செல் புற்றும் மெலனோமாவும் நகச்சுற்று போலத்தான் தொடங்கும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு முலைக்காம்பு வரிசையில் பயறு அளவு முடிச்சு வந்தாலும் காட்டிவிட வேண்டும், மடிக்கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றாக இருக்கும்.

உறுதியில்லாத விஷயங்களும் உண்டு. கருத்தடை செய்தால் மடிக்கட்டி குறையும் என்று பழைய ஆய்வுகள் அழுத்தமாகச் சொன்னன; எவ்வளவு குறையும் என்பதில் பிற்கால மதிப்பாய்வுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. சில இனங்களில் கருத்தடைக்குப் பின் மாஸ்ட் செல் கட்டி கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லா நாய்க்கும் அதைப் பொதுவாக்க முடியாது. மஞ்சள், மூலிகை எண்ணெய், மாவுச்சத்தைக் குறைத்த உணவு போன்றவை நாயின் தோல் கட்டியைக் கரைத்ததாக நம்பத் தகுந்த சான்று கிடையாது. உணவில் எதையாவது சேர்ப்பதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. கட்டியின் மேல் காரமான களிம்புகளைத் தடவுவதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். சிலவற்றில் தோலையே அரிக்கும் பொருள் இருக்கிறது, மேலே ஆறி உள்ளே கட்டி தொடரும்.

டாக்டரிடம் போகும்வரை தொடைக் கட்டியைப் பிசையாதீர்கள், நக்கவும் விடாதீர்கள், தேவைப்பட்டால் கழுத்துக் கூம்பு மாட்டுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், வீங்கும்போது இன்னொன்று எடுங்கள். நீங்கள் போகும் அன்று கட்டி அடங்கியிருந்தாலும் டாக்டருக்குக் காட்ட அது உதவும். மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம், ஏற்கனவே அமிலம் கூடிய இரைப்பையில் அது புண்ணை அதிகமாக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, கருத்த மலம், முகம் வீங்குவது, ஈறு வெளுத்து நாய் துவண்டுபோவது என ஏதாவது ஒன்று தெரிந்தால் முன்பதிவு செய்த நாள் வரை பொறுக்காமல் அன்றே கொண்டு போங்கள். அப்புறம், போகும்போது விலாவில் இருப்பதையும் சேர்த்துக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தகடுகளிலும் எந்த இடத்துக் கட்டி என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.